எங்களுக்கு மக்களாட்சியை அறிமுகப்படுத்தியதாக எழுதியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலேசியத் தலைநகரிலிருந்து வந்து, கெடாவில் ஜெராய் மலை தெரிகிற எங்கள் தோட்டப் பட்டணத்தில் ‘மக்களாட்சிப் பயிற்சி’ நடத்திய அறநிறுவனத்தின் பொறுப்பாளர்களுக்கு,

உங்கள் அறிக்கை என் கைக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. “வாக்களித்துப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் பழக்கமே இல்லாத ஒரு தோட்டச் சமூகத்தில் மக்களாட்சி அறிமுகப்படுத்தப்பட்டது” என்று அதில் அச்சிட்டிருக்கிறீர்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது, தமிழில் இல்லை. என் மகள்தான் வாசித்துப் பொருள் சொன்னாள். அந்த வரிக்கு மேலே இருக்கும் படத்தில், நீங்கள் கொடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு இடமிருந்து மூன்றாவதாக நிற்பவள் நான். என்னைக் கேட்காமல் படத்தைப் போட்டதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படத்துக்குக் கீழே எழுதியிருப்பது உண்மை இல்லை. அதை அப்படியே விட்டுவிட என் மனம் இடம் கொடுக்கவில்லை.

கடைசிப் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. இங்கே கண்ட வெற்றியை முன்மாதிரியாகக் கொண்டு, இதே பயிற்சியை மக்களாட்சி இல்லாத அண்டை நாடுகளுக்கும் எடுத்துச் செல்லப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இது எங்கள் தாமானோடு, அதாவது எங்கள் குடியிருப்போடு, முடிகிற விவகாரம் இல்லை.

நான் 31 ஆண்டுகள் பால்மரம் சீவியவள். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு என் படிப்பு நின்றது. மீதியைப் பத்திரிகைகளும் மகள் கொண்டுவரும் புத்தகங்களும் கற்றுத்தந்தன. தோட்டம் செம்பனைக்கு மாறி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை இடித்து, எங்களைப் பட்டணத்து ஓரத்தில் மலிவு வீடுகளுக்கு அனுப்பினார்கள். அங்கே உருவான குடியிருப்பாளர் குழுவுக்கு ஒன்பது ஆண்டுகளாக நான் செயலாளர். அந்தக் குழுவை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்று உங்களில் ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன்.

லயத்தில் இருந்த காலத்தில் கோயில் கமிட்டிக்குக் கைதூக்கித்தான் ஆள் எடுப்பார்கள். யார் கை யாருக்காக உயர்கிறது என்று தோட்டக் கணக்கரான கிராணியின் ஆள் ஒருவன் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பான். மறுநாள் விடியற்காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டில் அதற்கான பலன் தெரியும். மேட்டில், அட்டைக் கடியில், பால் குறைந்த கிழட்டு மரங்கள் இருக்கும் நிரை நமக்கு வந்து சேரும். அதற்குப் பயந்து பாதிப் பேர் கையைத் தூக்காமலே உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போது பெரியவர்கள் சிலர் கூடிப் பேசி ஒரு வழி கண்டார்கள். கோயில் மடப்பள்ளியில், போட்டியிடுகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு காலிப் பால்மாவு டின். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைய என்பதால் டின்னில் பெயருக்குப் பதில் ஓர் அடையாளம் கட்டியிருக்கும். ஒன்றில் சீப்பு, ஒன்றில் எலுமிச்சம்பழம், ஒன்றில் தீப்பெட்டி. வாசலில் வாக்களிக்க வருகிறவர் கையில் ஒரு ரப்பர் விதை கொடுப்பார்கள். திரைக்குப் பின்னால் போய்ப் பிடித்தவரின் டின்னில் போட்டுவிட்டு வர வேண்டும்.

முதல் ஆண்டே அதில் ஒரு குறை தெரிந்தது. விதை டின்னில் விழும் சத்தம் வெளியே கேட்டது. இடப்பக்கமா வலப்பக்கமா என்று காதாலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு டின்களின் அடியில் பழந்துணி விரித்தோம். அதற்கு அடுத்த ஆண்டு எண்ணிப் பார்த்தால், வந்த ஆட்களைவிட 14 விதைகள் அதிகம். காட்டில் பொறுக்கிய விதையை யாரோ மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அந்தத் தேர்தலைச் செல்லாது என்று சொல்லி, மறுவாரம் மீண்டும் நடத்தினோம். அன்றிலிருந்து விதைகளுக்குச் சிவப்பு நகச்சாயம் பூசினோம். போட்டியிடும் இரண்டு தரப்பிலிருந்தும் ஒவ்வொரு பெண் இரவு முழுதும் அந்த விதைக் கூடைக்குப் பக்கத்தில் படுத்திருப்பாள்.

1984 வரை வீட்டுக்கு ஒரு விதைதான். அதுவும் ஆண்கள் கைக்குத்தான் போகும். பொதுக் குழாயில் அதிகாலை மூன்று மணிக்கு வரிசையில் நின்றவர்கள் பெண்கள். ஆனால் குழாயைப் பற்றி முடிவெடுக்கும் ஆளைத் தேர்ந்தெடுக்க எங்களிடம் விதை இல்லை. அந்த ஆண்டு நாங்கள் 17 பேர் மடப்பள்ளி வாசலில் குறுக்கே உட்கார்ந்துவிட்டோம். எங்களுக்கும் விதை கொடுத்த பிறகுதான் எண்ண விடுவோம் என்றோம். என் சொந்த மாமனார் என்னைத் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. இரவு பதினொரு மணிவரை பேச்சு நடந்தது. கடைசியில், வயது வந்தவர்கள் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு விதை என்று முடிவானது. தாமானுக்கு வந்த பிறகு விதைக்குப் பதில் சீட்டு வந்தது. ஆனால் விதை போடும் நாள் என்றுதான் இன்றும் அதைச் சொல்கிறோம்.

என் அப்பா கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர். பதினெட்டு வயதில், போர் முடிந்த கையோடு, இந்தக் கெடா மாநிலத்துத் தோட்டங்களில் ஏ.எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படையில் சேர்ந்து அணிவகுத்தவர். கள்ளுக்கடையை மூடு, துரைக்கு முன்னால் நிமிர்ந்து நில் என்று சொல்லிக்கொடுத்த படை அது. 1947இல் போலீஸ் நடவடிக்கையில் நசுக்கப்பட்டது. அப்பா கடைசிவரை, குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டைதான் வைத்திருந்தார். குடியுரிமைக்கு மூன்று முறை விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. 1991இல் அவர் கண்மூடும்வரை இந்த நாட்டின் ஒரு பொதுத்தேர்தலிலும் வாக்களித்ததில்லை. அவர் வாழ்நாளில் போட்ட வாக்கெல்லாம் அந்த டின்னில் போட்ட ரப்பர் விதைகள்தான். விதை போடும் நாளில் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசிக்கொண்டு வருவார்.

அவரைப் பற்றித்தான் “வாக்களிக்கும் பழக்கமே இல்லாத” என்று எழுதியிருக்கிறீர்கள்.

எங்கள் குழு அப்பழுக்கற்றது என்று நான் வாதாடவில்லை. ஒரே குடும்பம் ஆறு ஆண்டுகள் தலைமையை வைத்திருந்து கணக்குக் காட்டாமல் இழுத்தடித்தது உண்டு. சாதி பார்த்து விதை போட்டதும் உண்டு. அதைச் சொல்லும்போது எனக்குத் தலை குனிகிறது. ஆனால் அந்தக் குடும்பத்தை இறக்கியவர்கள் நாங்கள்தான். அதே டின்களை வைத்துத்தான் இறக்கினோம்.

இனி நீங்கள் செய்ததைச் சொல்கிறேன். சுங்கைப் பட்டாணியில் ஒரு ஹோட்டலில் மூன்று வாரக் கடைசிகளில் பயிற்சி வைத்தீர்கள். சாப்பாடு நன்றாக இருந்தது. வந்த இளைஞர்கள் மரியாதையாகப் பேசினார்கள். அதை மறுக்க மாட்டேன். மூன்றாவது வாரம் நேர்காணல் வைத்து, 11 பேர் கொண்ட ‘சமூக மன்றம்’ ஒன்றை நீங்களே அறிவித்தீர்கள். மலாயும் ஆங்கிலமும் எழுதத் தெரிய வேண்டும், மின்னஞ்சல் இருக்க வேண்டும் என்று விதி வைத்ததால், எங்கள் குழுவின் ஒன்பது பேரில் எட்டுப் பேர் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். மன்றத் தலைவராக நீங்கள் எடுத்தவர் வேறொரு தாமானில் குடியிருப்பவர். இதுவரை இரண்டு முறை வந்திருக்கிறார். மக்களாட்சியைக் கற்பிக்க வந்தவர்கள், மக்களைக் கேட்காமல் மக்களுக்குத் தலைவரை வைத்தீர்கள்.

அதோடு நிற்கவில்லை. அந்த மன்றம்தான் இனி எங்கள் பிரதிநிதி என்று அரசு அலுவலகம் ஒன்றுக்கு எழுதிக் கொடுத்தீர்கள். அதன் விளைவு இதுதான். எங்கள் தாமானுக்குப் பின்னால் செம்பனைக் காட்டிலிருந்து வரும் கால்வாய் தூர்ந்து கிடக்கிறது. மூன்று ஆண்டுகளாக அடைமழைக் காலத்தில் கடைசி வரிசை வீடுகளுக்குள் தண்ணீர் முழங்கால்வரை வருகிறது. கடைசி வீட்டில் பக்கவாதத்தில் படுத்திருக்கும் ஒரு பாட்டியைப் போன முறை கதவுப் பலகையில் கிடத்தித் தூக்கிக்கொண்டு போனோம். 112 பேர் கையெழுத்திட்ட மனுவை நான் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பத்து நாளில் திரும்பி வந்தது. ‘இத்தகைய கோரிக்கைகள் அங்கீகரிக்கப்பட்ட சமூக மன்றத்தின் வழியாக வர வேண்டும்’ என்று ஒரு வரி. நீங்கள் அறிமுகப்படுத்திய மக்களாட்சியால் எங்களுக்குக் கிடைத்த முதல் கடிதம் அது.

பயிற்சியின் இரண்டாம் நாள், உங்கள் பயிற்றுநர் தம்பி திரையில் உலகப் படம் காட்டினார். ஜப்பானிலும் ஜெர்மனியிலும் வெளியிலிருந்து கொண்டுவந்த மக்களாட்சி வேரூன்றியது என்றும், ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அங்கிருந்த மக்கள் தயாராக இல்லாததால் தோற்றது என்றும் சொன்னார். நான் எழுந்து ஒரு கேள்வி கேட்டேன். நேரமில்லை, மின்னஞ்சலில் எழுதுங்கள் என்றார். அந்தக் கேள்வி இதுதான்: மக்கள் தயாராக இல்லையா, வந்தவர்கள் மக்களை நம்பத் தயாராக இல்லையா?

ஈராக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2003இல் சதாம் உசேனின் ஆட்சி விழுந்த சில வாரங்களிலேயே பல ஊர்களில் மக்கள் தங்கள் ஊர் நிர்வாகத்தைத் தாங்களே தேர்ந்தெடுக்க முற்பட்டார்கள். நஜஃப் நகரில் மேயர் தேர்தலுக்கு ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன. ஜூன் மாதத்தில் அமெரிக்க நிர்வாகி பால் பிரெமர் அதை ரத்துசெய்தார். தமக்குப் பிடிக்காதவர்கள் வென்றுவிடுவார்கள் என்ற அச்சம். அரசியல் சட்டத்தை எழுதுகிறவர்களை மக்கள் தேர்ந்தெடுக்க வேண்டும், அந்நியர் நியமிக்கக் கூடாது என்று அதே ஜூனில் அறிக்கை விட்டவர் யார்? நஜஃபில் சிறு வீட்டில் வாழ்ந்த முதிய மதகுரு அலி அல்-சிஸ்தானி. 2004 ஜனவரியில் பாக்தாத் தெருக்களில் பல்லாயிரக்கணக்கானோர் திரண்டு தேர்தல் கேட்டார்கள். 2005 ஜனவரி 30 அன்று தேர்தல் நடந்தது. வாக்குரிமையைக் கொண்டுவந்ததாகச் சொன்னவர்கள் தள்ளிப்போட்டார்கள்; தயாராக இல்லை என்று சொல்லப்பட்ட மக்கள் தெருவில் நின்று கேட்டு வாங்கினார்கள். பிறகு அங்கே ஓடிய இரத்தத்துக்குக் காரணங்கள் பல. ஆனால் மக்களுக்கு ஆர்வமில்லை என்பது அவற்றில் ஒன்றல்ல.

ஆப்கானிஸ்தானில் 2004இல் எழுதிய அரசியல் சட்டம், மாவட்ட மன்றங்களுக்கும் கிராம மன்றங்களுக்கும் மேயர்களுக்கும் தேர்தல் உண்டு என்றது. மாவட்ட மன்றத் தேர்தல் ஒருமுறைகூட நடக்கவில்லை. மேயர்கள் கடைசிவரை நியமிக்கப்பட்டவர்கள்தான். அதிபருக்கும் நாடாளுமன்றத்துக்கும் தேர்தல் நடந்தது, உலகமே பார்க்க. 2014 அதிபர் தேர்தலின் முடிவு சிக்கலானபோது, அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி போய் இரண்டு வேட்பாளர்களுக்கும் பதவியைப் பங்கிட்டு வைத்தார். வாக்களித்தவர்களின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்? 2019 தேர்தலில், பதிவு செய்திருந்த சுமார் 96 இலட்சம் பேரில் எண்ணப்பட்ட வாக்குகள் சுமார் 18 இலட்சம்தான். 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் விழுந்தது. தன் தெருக் கால்வாயைச் சுத்தம் செய்யும் அதிகாரியைக் கேள்வி கேட்க முடியாத ஒருவனுக்கு, தலைநகரத்து அதிபரைத் தேர்ந்தெடுக்கும் சீட்டால் என்ன நம்பிக்கை வரும் என்று நான் கேட்கிறேன். கால்வாயைப் பற்றி எனக்குத் தெரியும், அதனால் கேட்கிறேன்.

கம்போடியாவுக்கு 1993இல் ஐக்கிய நாடுகள் சபையே தேர்தல் நடத்திக் கொடுத்தது. நம் மலேசியப் படையினரும் அங்கே பணியாற்றினார்கள். ஏறத்தாழ 90 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். தோற்றவர் ஒதுங்க மறுத்தார்; ஒரு நாட்டுக்கு இரண்டு பிரதமர்கள். 1997இல் ஒருவர் மற்றவரை ஆயுதத்தால் விரட்டினார். 2018இல் 125 இடங்களும் ஒரே கட்சிக்கு.

இலங்கைக் கதை எங்களுக்கு இன்னும் நெருக்கமானது, ஏனென்றால் அதுவும் தோட்டத்துக் கதை. 1931இல் டொனமூர் ஆணையத்தின் பரிந்துரைப்படி பிரிட்டிஷார் அங்கே வயது வந்தோர் அனைவருக்குமான வாக்குரிமையைக் கொண்டுவந்தார்கள். 1947 தேர்தலில் தோட்டத் தமிழர்களின் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. சுதந்திரம் வந்த அதே ஆண்டில், தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்த 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டில் வாக்கும் போனது. 1952 தேர்தலில் அந்த மக்களுக்கு ஓர் இடமும் இல்லை. சிறுபான்மையினரைக் காப்பதற்கென்றே அரசியல் சட்டத்தில் 29ஆம் பிரிவை எழுதி வைத்திருந்தார்கள். வழக்கு, கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில்வரை போயிற்று. 1953இல் அங்கேயும் அந்தச் சட்டங்கள் செல்லும் என்று சொல்லிவிட்டார்கள். கொழுந்து பறித்தவர்களின் வாக்கைப் பறித்தது ஒரு சர்வாதிகாரி அல்ல. முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம், முறையாகக் கை உயர்த்தி. வெளியிலிருந்து வந்த சட்டம் அழகாகத்தான் இருந்தது. பக்கத்து மனிதனுக்கும் தன்னைப்போல் ஒரு வாக்கு உண்டு என்ற எண்ணத்தை அந்தச் சட்டத்தால் யார் மனத்திலும் நட முடியவில்லை.

இலங்கையின் அந்த அரசியல் சட்டத்தை உருவாக்க உதவிய ஐவர் ஜென்னிங்ஸ்தான் பிறகு மலாயாவுக்கும் வந்தார். 1956இல் நம் அரசியல் சட்டத்தை வரைய வந்த ரீட் ஆணையத்தில் ஐந்து பேர்: பிரிட்டனிலிருந்து ரீட் பிரபுவும் ஜென்னிங்ஸும், ஆஸ்திரேலியாவிலிருந்து மெக்கெல், இந்தியாவிலிருந்து மாலிக், பாகிஸ்தானிலிருந்து அப்துல் ஹமீத். மலாயாக்காரர் ஒருவரும் இல்லை. அப்படியானால் நம் நாட்டு மக்களாட்சியும் வெளியிலிருந்து வந்ததுதானே என்று நீங்கள் கேட்கலாம். காகிதம் வெளியிலிருந்து வந்தது. அதற்கு முன்பே, 1941இல், கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச். நாதன் போன்றவர்களோடு நின்று வேலைநிறுத்தம் செய்து, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்று கோரிக்கை வைத்துவிட்டார்கள். படை வந்து சுட்டது, தொழிலாளர்கள் செத்தார்கள், நாதன் நாடுகடத்தப்பட்டார். போருக்குப் பிறகு, ‘சரியான’ தொழிற்சங்கம் நடத்தக் கற்பிப்பதற்கென்று பிரிட்டனின் ரயில்வே தொழிற்சங்கத்திலிருந்து ஜான் பிரேசியர் என்ற ஆலோசகரை அனுப்பினார்கள். தொழிலாளர்கள் தாங்களே கட்டிய அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தை 1948இல் சட்டத்தைத் திருத்தி இல்லாமல் செய்தார்கள். அதன் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதியை 1949 மே 4 அன்று தூக்கிலிட்டார்கள். கற்பிக்க வந்தவர்கள், முன்பே கற்றிருந்தவர்களை முதலில் அப்புறப்படுத்தினார்கள். பிரிட்டிஷாரின் அந்த அவசரகாலக் கொடுமையோடு உங்களை நான் ஒப்பிடவில்லை. ஆனால் எட்டுப் பேரை வாசலில் நிறுத்திவிட்டு மன்றம் அமைத்தபோது, நீங்கள் நடந்த பாதை புதிதல்ல.

ஜப்பான், ஜெர்மனி பற்றி உங்கள் தம்பி சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. 1946இல் அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தரின் அலுவலகத்தில் சில நாட்களில் வரைந்த சட்டத்தைத்தான் ஜப்பான் இன்றுவரை வைத்திருக்கிறது. ஆனால் அங்கே 1890 முதலே நாடாளுமன்றம் இருந்தது. 1925இல் ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமைச் சட்டம் வந்துவிட்டது. இச்சிகாவா புசாயே போன்ற பெண்கள் போருக்கு முன்பிருந்தே வாக்குக்காகப் போராடிக்கொண்டிருந்தார்கள். 1946 ஏப்ரலில் பெண்கள் முதன்முறை வாக்களித்தபோது 39 பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். தடையை வெளியார் நீக்கினார்கள். வாசலில் ஏற்கெனவே ஆட்கள் காத்திருந்தார்கள். கிழக்குத் திமோரும் அப்படித்தான். இந்தோனேசியாவின் பிடியை எதிர்த்து 24 ஆண்டுகள் தாங்களே போராடிய மக்கள், கொலைமிரட்டலுக்கு நடுவே 1999 ஆகஸ்ட் 30 அன்று தங்கள் விடுதலை பற்றி வாக்களிக்க வரிசையில் நின்றார்கள். நூற்றுக்கு 98 பேர் வந்தார்கள். ஐக்கிய நாடுகள் சபை சீட்டை எண்ணிக் கொடுத்தது. வெளியார் செய்யக்கூடிய நல்ல வேலை அது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

அண்டை நாடு என்று நீங்கள் எழுதியிருப்பதில் மியன்மாரும் உண்டு. எங்கள் பழைய தோட்டத்துச் செம்பனைக் காட்டில் இப்போது குலை வெட்டுகிறவர்களில் மியன்மார்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நாங்கள் வாழ்ந்த லயம் இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே அவர்கள் தங்கும் கொட்டகையான கொங்சி. அங்கிருந்து ஒரு பையன் சட்டை தைக்க என் வீட்டுக்கு வருவான். 2020 நவம்பர் 8 அன்று தன் ஊரில் வாக்களித்ததைச் சொல்லும்போது, மை வைத்த சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினான். மை என்றைக்கோ போய்விட்டது. அந்தத் தேர்தலில் ஆங் சான் சூச்சியின் கட்சி 476 இடங்களில் 396ஐ வென்றது. 2021 பிப்ரவரி 1 அன்று இராணுவம் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டது. இரவுகளில் வீட்டுக்கு வீடு பாத்திரங்களைத் தட்டி ஒலி எழுப்பினோம் அம்மா என்று, அரைகுறை மலாயில், என் தையல் இயந்திரத்தைத் தட்டிக் காட்டினான். அந்தப் பிள்ளைக்கு வாக்களிப்பது எப்படி என்று நீங்கள் ஹோட்டலில் வைத்துக் கற்பிக்கப் போகிறீர்களா? அவனுடைய கடவுச்சீட்டு முதலாளியிடம் இருக்கிறது. அதை மீட்டுக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டான்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், 1025 வாக்கில், இராசேந்திர சோழனின் கப்பல்கள் வந்து இறங்கிய கடாரத்து மண் இது. கடாரம் கொண்டான் என்ற பட்டத்தை நாங்கள் பள்ளியில் பெருமையோடு ஒப்பித்தோம். அன்று இங்கே இருந்தவர்கள் தங்களுக்குள் எப்படிப் பேசி, எப்படி முடிவெடுத்து வாழ்ந்தார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. உங்கள் அறிக்கையைப் படித்த இரவில் எனக்கு அதுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

மக்களாட்சிக்கு இந்த நாட்டில் உதவ நினைத்தால் உங்களுக்கு வேலை நிறைய இருக்கிறது. ஊராட்சித் தேர்தலை 1965இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காட்டி நிறுத்தினார்கள். மோதல் முடிந்தும் தேர்தல் திரும்பவில்லை. அதை மீண்டும் நடத்த வேண்டும் என்று ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம் பரிந்துரைத்தது. 1976இன் ஊராட்சிச் சட்டம் அதை ஒரேயடியாக எடுத்துவிட்டது. எனக்கு 66 வயது. நாடாளுமன்றத்துக்கு வாக்களித்திருக்கிறேன், சட்டமன்றத்துக்கு வாக்களித்திருக்கிறேன். என் கால்வாய்க்குப் பொறுப்பான மன்றத்துக்கு ஒருநாளும் வாக்களித்ததில்லை. தலைநகரில் அமைச்சர்களோடு ஒரே மேடையில் அமர்கிற உங்களுக்கு இதைப் பற்றிப் பேச வாய்ப்பு இருக்கிறது, எங்களுக்கு இல்லை. உங்கள் அறிக்கையின் அறுபது பக்கங்களில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஆகவே நான் கேட்பவை இவை. எங்கள் குழு கூடிப் பேசி, ஒன்பது பேரும் ஒப்புக்கொண்ட பிறகே எழுதுகிறேன்.

அறிக்கையில் உள்ள அந்த வரியைத் திரும்பப் பெறுங்கள். எங்கள் தோட்டத்தில் உங்களுக்கு முன்பே, பல பத்தாண்டுகளாக, இரகசிய வாக்கெடுப்பு நடந்து வந்திருக்கிறது என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் திருத்தம் அச்சிட்டு, முதல் அறிக்கை யார் யாருக்குப் போனதோ அவர்கள் எல்லாருக்கும் அனுப்புங்கள்.

சமூக மன்றம் எங்கள் பிரதிநிதி அல்ல என்று அந்த அரசு அலுவலகத்துக்கு இந்த மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவியுங்கள். அதன் நகலை எனக்குக் கொடுங்கள். கால்வாய் மனுவோடு சேர்த்து நான் மறுபடியும் கொண்டுபோக வேண்டும். அடுத்த அடைமழைக்கு முன் அது போய்ச் சேர வேண்டும்.

மன்றத்தைக் கலைத்துவிடுங்கள். அதில் இருக்கும் 11 பேர்மீது எங்களுக்குக் கோபம் இல்லை. சிலர் நாங்கள் தூக்கி வளர்த்த பிள்ளைகள். பொறுப்புக்கு வர விரும்பினால் எங்கள் தேர்தலில் நிற்கட்டும். வென்றால் நான் என் நோட்டுப் புத்தகத்தையும் சாவியையும் அவர்கள் கையில் கொடுப்பேன்.

அண்டை நாடுகளுக்கு இந்தப் பயிற்சியை இப்படியே எடுத்துச் செல்லும் திட்டத்தை நிறுத்துங்கள். போகத்தான் வேண்டுமென்றால், அங்கே ஏற்கெனவே யார் கூடுகிறார்கள், எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று முதலில் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அதுவரை, அந்தப் பணத்தில் ஒரு பங்கை எங்கள் கொங்சியில் இருக்கும் மியன்மார்ப் பிள்ளைகளுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரும் ஒரு வழக்கறிஞரும் கிடைப்பதற்குச் செலவழியுங்கள்.

ஊராட்சித் தேர்தலைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி உங்கள் பெயரில் அரசுக்கு வெளிப்படையாக எழுதுங்கள்.

எங்கள் அடுத்த விதை போடும் நாள், சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணிக்குக் கோயில் மண்டபத்தில். நீங்கள் வரலாம். பின்வரிசையில் நாற்காலி போட்டு வைக்கிறோம். சீட்டு எண்ணி முடியும்வரை யாரும் எழுந்து பேசக் கூடாது என்பது எங்கள் விதி, விருந்தினர்களுக்கும் அதுதான்.

இப்படிக்கு,
குடியிருப்பாளர் குழுச் செயலாளர்,
முன்னாள் பால்மரத் தொழிலாளி